பொன்விழா மலரில் பெயரில்லாத ஒன்பது பேர்

அன்புள்ள மதர் அவர்களுக்கும், நூற்றாண்டு மலர் வேலையைக் கையில் எடுத்திருக்கும் சிஸ்டர்களுக்கும், மலருக்குக் கட்டுரை தரப்போகிற பழைய மாணவியருக்கும்,

இயேசுவுக்கே புகழ். வணக்கம்.

உங்கள் மடத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை போர்டிங்கில் இருந்து படித்தவள் நான். பதினொன்றாம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி.யாக இருந்த காலம் அது. ஊரின் பெயரையும் மடத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. மதுரைக்குத் தெற்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அங்கே படித்தவர்களுக்குக் குகை மாதிரிக் கட்டிய கெபியையும், கெபிக்குப் பின்னால் இருக்கும் கிணற்றையும் சொன்னாலே போதும்.

இதை உங்களுக்குத் தனிக் கடிதமாகவே எழுதியிருக்கலாம். ஆனால் நான் கேட்கப்போவது மதுரைச் சீமையில் இருக்கிற எந்தக் கன்னியர் மடத்துக்கும் பொருந்தும். பல மடங்கள் இப்போது நூறாண்டைத் தொடுகின்றன, சில தாண்டிவிட்டன. எல்லா இடத்திலும் ஒரு மலர் வரும். அதில் ‘மடத்தின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்று ஒரு கட்டுரை இருக்கும். நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையிலும் அந்தத் தலைப்பு இருந்தது. அதைப் பார்த்ததும்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

பொன்விழா மலர் உங்கள் நூலகத்தில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். முதலில் ஆயர் பெருமானின் ஆசிச் செய்தி. அப்புறம் பங்குச் சாமியார்கள், பிறகு மதர்கள், தலைமை ஆசிரியைகள், நன்கொடை கொடுத்தவர்கள். எல்லாருக்கும் படம், படத்துக்குக் கீழே பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு. அவர்கள் இருக்கவேண்டியவர்கள்தான், ஒருவரையும் எடுக்கச் சொல்லவில்லை. கடைசிப் பக்கங்களில், ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு முன்னால், ஒரு படம் இருக்கிறது. கிணற்றடியில் ஒன்பது பெண்கள் நிற்கிறார்கள். கீழே இரண்டே சொல்: ‘சமையலறைப் பணியாளர்கள்’.

இடமிருந்து மூன்றாவதாக நிற்பது என் அம்மா.

அம்மாவுக்குச் சொந்த ஊர் இடைக்காட்டூர்ப் பக்கம். கல்யாணமான நாலாம் வருஷம் அப்பா போய்விட்டார். கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் ஊர்ச் சாமியார் கொடுத்த ஒரு சீட்டோடு மடத்து வாசலுக்கு வந்தவர், முப்பத்தொரு வருஷம் அந்த அடுப்படியில் வேலை செய்தார். மலர் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. ராத்திரி ஸ்டடி முடிந்து படுக்கப் போவதற்கு முன் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “ஏத்தா, எம் பேரு எங்கெ இருக்கு? காட்டு” என்றார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் ‘பணியாளர்கள்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, “இதுதாம்மா” என்றேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே இருந்தார்.

சாகும்வரை அம்மா அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யை நான் இன்னும் சாமியாரிடம் செய்த எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. இப்போது உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

வரலாறு எழுத உட்கார்ந்தால் நம் பக்கத்தில் கை தானாக இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைக் குரு நொபிலியிடம்தான் போகும். 1606இல் மதுரைக்கு வந்தார், காவி கட்டினார், தமிழும் வடமொழியும் கற்றார், 1656இல் மயிலாப்பூரில் காலமானார். அங்கிருந்து 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், அவருக்குப் பின் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர். 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது, 1814இல் உயிர்பெற்றது, 1830களின் கடைசியில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரைக்கு வந்தார்கள். இது நமக்கு ஞானோபதேச வகுப்பிலேயே மனப்பாடம். பெரிய மனிதர்களின் பெரிய கதை. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் பெயர்களில் ஒன்றுகூடப் பெண் பெயர் கிடையாது. கன்னியர் மடத்தின் கதையை இங்கே தொடங்கினால், மடம் வருவதற்குள் கட்டுரையின் பாதி முடிந்துவிடும்.

வேறு இடத்தில் தொடங்கிப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

1822இல் பிரான்சின் லியோன் நகரில் ‘விசுவாசப் பரப்புதல் சங்கம்’ தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் போலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண். பட்டுத் தொழிற்கூடங்களில் வேலை பார்த்த பெண்களிடம் வாரம் ஒரு ‘சூ’ வாங்கிச் சேர்த்தார். சூ என்றால் அவர்கள் ஊர்ச் சல்லிக்காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர் என்று ஆள் வைத்து வசூல் செய்து, தூர தேசத்து மிஷன்களுக்கு அனுப்பினார்கள். பட்டு நூற்ற அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது. 2022இல் போலினுக்கு அருளாளர் பட்டம் கிடைத்தபோது நான் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நம் பக்கத்து மிஷன் கோயில்களின் செங்கல்லில் அவர்களுடைய காசும் இருக்கிறது.

அந்த லியோனிலிருந்துதான் புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் 1906இல் மதுரைக்கு வந்தார்கள். அந்தச் சபையின் வேர் இன்னும் பழையது. 1650இல் லெ புய் என்ற மலையூரில் தொடங்கியது. லேஸ் பின்னுவதற்குப் பேர்போன ஊர் அது. ஏழைப் பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக்கொடுப்பதும் அவர்களுடைய ஊழியத்தில் ஒன்றாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் சபை சிதறியது, மறுபடி கூடியது. 1904இல் பிரான்ஸ் அரசு துறவற சபைகள் பள்ளி நடத்தவே கூடாது என்று சட்டம் போட்டது. கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஆயிரக்கணக்கான கன்னியர்கள் அந்த வருஷங்களில் வேறு தேசங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். லியோன் சகோதரிகள் மதுரைக்கு வந்ததை அந்தக் காலத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். தங்கள் ஊரில் வகுப்பறை மூடப்பட்ட காலத்தில் இங்கே வந்து வகுப்பறை திறந்த பெண்கள் அவர்கள். அதே சபையின் மதர் ரோஸ் பெனடிக்ட் 1953இல் பாத்திமா கல்லூரியைத் தொடங்கினார். மதுரையில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே படித்திருப்பார்கள் என்று சொல்லும் அளவுக்கு இன்று அது வளர்ந்திருக்கிறது.

உள்ளூர்ப் பெண்களின் பக்கமும் உண்டு. 1844இல் புதுச்சேரியில் துப்புயி அடிகளார், பெண்பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கத் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு சபையை உண்டாக்கினார். ‘பெண் படித்தால் வீடு கெட்டுவிடும்’ என்று ஊரே சொன்ன காலம். அதற்குக் கிட்டத்தட்ட அறுபது வருஷம் கழித்து, 1901 கணக்கெடுப்பில்கூட, இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர் கிடையாது. அப்படிப்பட்ட நாளில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு பெண் கையில் சிலேட்டோடு இன்னொரு பெண்ணின் முன்னால் உட்கார்ந்தாள் என்றால், அது எவ்வளவு பெரிய காரியம்! நம் மடத்தில் அப்படி முதல் சிலேட்டைப் பிடித்த பெண்பிள்ளைகள் யார்? எந்தத் தெரு? இதைத்தான் முதல் பக்கத்தில் படிக்க எனக்கு ஆசை.

இவர்களையெல்லாம் எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முப்பது வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்து, ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்த பழக்கத்தில் சொல்வது இது.

மதுரை மறைமாவட்டம் 1938இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. நம் மடம் அதற்கு மூத்தது. ஆகவே தொடக்க காலக் கடிதங்களை மதுரை ஆயர் இல்லத்தில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று விட்டுவிடக்கூடாது, திருச்சியில் கேட்கவேண்டும். சேசு சபைக் குருக்கள் எழுதியவை கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் உள்ள அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் குருக்கள் கடிதம் எழுதுவதில் அலுக்காதவர்கள். நாயக்கர் கால மதுரையின் சரித்திரத்தை எழுதியவர்களே சேசு சபையாரின் ஆண்டுக் கடிதங்களைப் பார்த்துத்தான் பல சங்கதிகளை எழுதினார்கள். மழை பெய்ததா, காலரா வந்ததா, அரிசி என்ன விலை என்றெல்லாம் மேலிடத்துக்கு எழுதிவிடுவார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் மடத்து ஸ்டோர் அறையின் மேல்பரணைப் பாருங்கள். அங்கே துணி பைண்டிங் போட்ட நீளமான கணக்கு நோட்டுகள் இருந்தன. நான் இருந்த காலத்தில் பார்த்தேன். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், விறகு, கடைசியில் சம்பளம். சம்பளப் பக்கத்தில் வரிசையாகப் பெயர், தொகை, பக்கத்தில் ஊதா மையில் கைநாட்டு. மாதாமாதம் முதல் தேதி அம்மா இடது கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு வருவது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மடத்தில் அம்மாவின் பெயரை யாரோ எழுதிவைத்த ஒரே இடம் அந்த நோட்டுதான். மலரில் விட்டுப்போன ஒன்பது பெயரும் அதில் இருக்கும். அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டவேண்டாம். லேமினேஷன் செய்யவே வேண்டாம். அது தாளை உள்ளே வைத்து நாசமாக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. வெயில் படாத வெளிச்சத்தில், பக்கம் பக்கமாகப் போனிலேயே படம் எடுத்து வையுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுப்படியை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்ததே, அதையும் எழுதவேண்டும். பூசையில் கொடுக்கும் ஓஸ்தி என்ற அப்பம் சுடுகிற அறை. எங்கள் மடத்திலிருந்துதான் சுற்றுவட்டாரப் பங்குகளுக்கெல்லாம் அப்பம் போகும். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும்தான். உப்பு கிடையாது, புளிப்பு கிடையாது. நீள்பிடி வைத்த இரும்பு அச்சு, கிடுக்கி மாதிரி இரண்டு தகடு, உள்பக்கம் சிலுவையும் பாடுபட்ட சுரூபமும் செதுக்கியிருக்கும். மாவை ஒரு கரண்டி ஊற்றி அழுத்தினால் ‘சுர்’ என்று ஆவி வரும். அம்மா அச்சைத் திருப்பித் திருப்பிப் போடுவார். சுட்ட தகட்டை உடனே வெட்டினால் நொறுங்கிவிடும். ஈரத்துணி போர்த்தி ஒரு ராத்திரி வைத்தால்தான் பதம் வரும். மறுநாள் சிஸ்டர் வட்ட வெட்டியால் ‘டக் டக்’ என்று வெட்டுவார். வட்டங்கள் டப்பாவுக்குப் போகும். மிச்சம் விழுகிற ஓரத்துண்டுகள், ஓட்டை ஓட்டையாக, எங்களுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் பாவாடையை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்போம். ருசி என்று ஒன்றும் கிடையாது, நாக்கில் பட்டால் கரைந்துபோகும். ஆனாலும் அதற்கு அவ்வளவு அடிதடி.

ஒருநாள் மாவு பதம் தவறிவிட்டது. ஒரு தகடு முழுக்கக் கருகிப்போனது. சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவாடைக்காரிகள் எங்களைப் பார்த்து, “இன்னிக்கு உங்களுக்குத்தான் அடிச்சது யோகம்” என்று அந்தத் தகடு முழுவதையும் உடைத்துக் கொடுத்துவிட்டார். அவர் பிரெஞ்சுக்காரர். மதுரைத் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார். அந்த அச்சு இப்போது எங்கே இருக்கிறது, சிஸ்டர்? மடத்தில் இருந்தால் நூற்றாண்டு விழாவன்று ஒரு மேசையில் வையுங்கள். நான் வந்து பிடித்துப் பார்க்கவேண்டும்.

பழைய விடுதிக் கட்டடத்தை எடுத்துவிட்டுப் புதிது கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். நான் சண்டைக்கு வரவில்லை. பிள்ளைகள் மழையில் ஒழுகும் கூரைக்குக் கீழே படுக்கவேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இடிப்பதற்கு முன் ஒரு நல்ல சுண்ணாம்புக் கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது. கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து. அது ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். நடுவில் யாரோ மராமத்து என்று சிமெண்டைப் பூசிவிட்டார்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே உப்புப் பூத்துச் சுவர் பொரிந்தது. கட்டடம் கிழடாகிவிட்டது என்று நினைக்கிறோம். பாதி நோய் அந்தப் பூச்சுதான். உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினால் தேறுமா என்று தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும். தேறாது என்றால் எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு அறையையும் அளந்து ஒரு வரைபடம் போட்டு, எந்த அறையில் என்ன நடந்தது என்று எழுதிவைத்துவிடுங்கள்.

இன்னொன்று. வராந்தா ஓட்டைப் பிரிக்கும்போது உள்பக்கத்தில் முத்திரை இருக்கும். பேசல் மிஷன் என்றும் 1865 என்றும் பார்த்தால், கட்டடம் 1865இல் கட்டியது என்று எழுதிவிடாதீர்கள். அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. சில ஊர்களில் இந்தத் தப்பு நடந்திருக்கிறது.

கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின நாள் போர்டிங் பிள்ளைகள் எல்லாரையும் அங்கே கூட்டிப்போவார்கள். தேங்காய் நாரும் சாம்பலும் கொடுத்துக் கல்லைத் தேய்க்கச் சொல்வார்கள். பாசி போனதும் எழுத்து தெரியும். ஒவ்வொரு கல்லிலும் துறவறப் பெயர், பிறந்த தேதி, துறவற வார்த்தைப்பாடு கொடுத்த தேதி, இறந்த தேதி. அவ்வளவுதான். சபையில் சேரும்போது வீட்டுப் பெயரை விட்டுவிட்டு ஒரு புனிதரின் பெயரை ஏற்றுக்கொண்ட காலம் அது. வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960களின் கடைசியில், பலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். ஆனால் கல்லுக்கு அடியில் இருப்பவர்கள் திரும்பவில்லை. ஒரு புனிதரின் பெயர் மூன்று கல்லில் இருக்கிறது. ஒருவர் லியோன் பக்கமா, ஒருவர் இராமநாதபுரமா, ஒருவர் இங்கேயே அநாதைப் பிள்ளையாக வளர்ந்தவரா, கல் சொல்லாது. சபையில் சேர வந்தவர்களைப் பதிந்த நவசந்நியாசப் பதிவேட்டில் தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். கல்லுக்கும் பதிவேட்டுக்கும் முடிச்சுப் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தால், எத்தனையோ கிராமத்தில் ‘எங்க பாட்டியோட அக்கா ஒருத்தி மடத்துக்குப் போனாளாம், அப்புறம் சேதியே இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குச் சேதி கிடைக்கும்.

இதுவரை எழுதியது இனிப்பானது. கசப்பையும் சொல்லாவிட்டால் நான் பாதி மடல்தான் எழுதியிருப்பேன். சாதியைப் பற்றியும் மலரில் எழுதுங்கள். நம் பக்கத்துக் கோயில்களில் சாதிக்கொரு இடம் ஒதுக்கியிருந்த காலம் உண்டு. வடக்கன்குளத்தில் அதற்காகவே இரண்டு சிறகாகக் கோயில் கட்டினார்கள். கல்லறையிலும் பிரித்தார்கள். மடங்களின் மதில் மட்டும் அதைத் தடுத்து நிறுத்திவிட்டதா? எங்கள் போர்டிங்கில் பந்தியில் பிரிவு இல்லை. எல்லாரும் ஒரே பலகை. ஆனால் அடுப்படியில் யார் சோறு வடிக்கலாம், யார் பாத்திரம் மட்டும் தேய்க்கலாம் என்று சொல்லாமலே ஒரு கோடு இருந்தது. அந்தப் படத்தில் ஒன்பது பேரும் ஒன்றாக நிற்கிறார்கள். வேலை செய்யும்போது அப்படி நின்றதில்லை. அந்தக் கோட்டை ஒரு மதர் வந்து அழித்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, சோற்றுப்பானையின் முன் நிறுத்தி, கரண்டியைக் கொடுத்தார். இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். ஒரு வாரம் கஞ்சிதான். மதர் அசையவில்லை. கோடு இருந்தது என்று எழுதினால்தான் அதை அழித்தவர் செய்தது என்னவென்று படிப்பவருக்குப் புரியும். மடத்துக்கு அதனால் ஒரு குறைவும் வராது.

இடைக்காட்டூர்க் கோயிலுக்கு அம்மா என்னை வருஷம் தவறாமல் கூட்டிப்போவார். 1894இல் எழும்பிய திருஇருதய ஆண்டவர் கோயில். கட்டியவர் பெர்தினாந்து செல் அடிகளார் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிரான்சின் ரான்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அம்மா அதைச் சொல்லமாட்டார். விதவிதமான அச்சில் வார்த்த அந்தச் செங்கல் வளைவுகளைத் தடவிக்கொண்டு, “இதுக்கு எங்க அப்பத்தா மண்ணு சுமந்துச்சு” என்பார். எனக்கு அந்தக் கோயிலைப் பற்றித் தெரிந்த முதல் வரலாறு அதுதான்.

உங்கள் சபையின் ஓய்வு இல்லத்தில் தொண்ணூறைத் தொட்ட சிஸ்டர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் எனக்குப் பாடம் சொன்னவர்கள். மலர் அச்சுக்குப் போக இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்று நினைக்காதீர்கள். இந்த வாரமே ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ‘மடத்தின் வளர்ச்சி பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அவர்கள் தாழ்ச்சியாக ‘எல்லாம் ஆண்டவர் செயல்’ என்று முடித்துவிடுவார்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கிணறு வற்றிய வருஷம் தண்ணீருக்கு எங்கே போனீர்கள், முதல் கரண்ட் விளக்கு எந்த அறையில் எரிந்தது, வீட்டை விட்டு வந்த அன்று யார் வழியனுப்பினார்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். போனை மேசையில் வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் கூட வருகிறேன். எழுத்தில் ஏற்றித் தருகிற வேலையையும் நானே செய்கிறேன்.

கடைசியாக அந்தப் படம். இரண்டு வருஷமாக அலைந்து, ஒன்பது பேரில் ஆறு பேருடைய பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் பொதுவில் எழுதக்கூடாது என்பதால் இங்கே எழுதவில்லை. மதருக்குத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் பெயர் அதில் மூன்றாவது. மீதி மூவர் தெரியவில்லை. பழைய மாணவியரே, உங்கள் வீட்டில் அந்த மலர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இடமிருந்து ஐந்தாவது, காதில் தண்டட்டி போட்ட பெரியம்மா. அவரை நாங்கள் ‘மோர்க்காரம்மா’ என்றே கூப்பிட்டோம். எட்டாவது, கறுத்து ஒல்லியாக, கண்ணை மூடிவிட்டவர். கடைசியில், படத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாக, இடுப்பில் குடத்தோடு ஒரு சின்னப்பெண். பதினைந்து வயதுகூட இருக்காது. இப்போது உயிரோடு இருந்தால் அறுபத்துமூன்று, அறுபத்துநாலு இருக்கும். தெரிந்தவர்கள் மடத்துக்கு ஒரு கார்டு போடுங்கள்.

அன்புடன்,
பழைய மாணவி ஒருத்தி
மதுரை